வளைவில் நின்ற வண்டி
(ரோபோவுக்கு பேட்டரி தேர்ந்தெடுப்பது எப்படி?)



போன மாதம் நானும் என் நண்பனும் ஒரு ரோபோ போட்டிக்குப் போனோம். தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே ஓடும் குட்டி வண்டி எங்களுடையது. நேர்க்கோட்டில் ஜோராக ஓடியது. முதல் வளைவு வந்ததும் டக்கென்று நின்றது. ஒரு நொடி கழித்துக் கிளம்பும், திரும்ப நிற்கும். மூன்று வாய்ப்பும் போச்சு.

ப்ரோகிராம் எழுதியது அவன். வண்டியைக் கட்டி, பேட்டரி வாங்கி மாட்டியது நான். "நேரா போறப்ப ஒழுங்கா போகுது. வளையுறப்பதான் நிக்குது. உன் ப்ரோகிராம்தான் தப்பு!" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். அவன் ஒண்ணும் சொல்லலை. வேளச்சேரி வரும்வரை பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தே உட்கார்ந்திருந்தான்.

தப்பு யாருடையது என்று இப்போது எனக்குத் தெரியும். அதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதல் துப்பு

வீட்டில் வண்டியை கம்ப்யூட்டரோடு யு.எஸ்.பி. வயரில் இணைத்தபடியே ஓட்டிப் பார்த்தேன். வளைவில் நிற்கவே இல்லை! அதே ப்ரோகிராம், அதே சக்கரம். ஒரே ஒரு வித்தியாசம், அர்டினோ போர்டுக்கு மின்சாரம் கம்ப்யூட்டரிலிருந்து வந்தது. அப்படியென்றால் ப்ரோகிராம் சரி. சந்தேகம் நான் வாங்கிய சதுரமான 9 வோல்ட் பேட்டரி மேல் திரும்பியது.

பள்ளியில் அறிவியல் சாரிடம் சொன்னேன். இரண்டு மல்டிமீட்டர் கொடுத்து, "நீயே அளந்து பாருடா" என்றார். மோட்டார் ஓடாதபோது பேட்டரி 9.2 வோல்ட் காட்டியது. இரண்டு சக்கரத்தையும் கையால் பிடித்துக்கொண்டு ஒரு கணம் மின்சாரம் கொடுத்தேன். 9.2 சட்டென்று 4.2 ஆக விழுந்தது! அப்போது ஓடிய மின்னோட்டம் 0.8 ஆம்பியர்.

காணாமல் போன 5 வோல்ட் எங்கே? நாம் படித்த ஓம் விதிதான் பதில். ஒவ்வொரு பேட்டரிக்கு உள்ளேயும் ஒரு மின்தடை இருக்கிறது. அதற்குப் பெயர் அகமின்தடை.

5 வோல்ட் ÷ 0.8 ஆம்பியர் = 6.25 ஓம்

அந்த 5 வோல்ட்டும் பேட்டரிக்குள்ளேயே வெப்பமாகச் செலவாகிவிட்டது. சதுர பேட்டரிக்குள் 1.5 வோல்ட் செல்கள் ஆறு, மிகச் சின்னதாக, தொடராக அடுக்கப்பட்டிருக்கும். கொஞ்சமாக மின்சாரம் இழுக்கும் கருவிகளுக்கு அது போதும். மோட்டாருக்குப் பத்தாது.

சரி, வளைவில் மட்டும் ஏன்? வளையும்போது ஒரு சக்கரம் திடீரென்று பின்பக்கமாகச் சுற்ற வேண்டும். ஓடுகிற மோட்டாரைத் திருப்பிவிட்டால் அது ஒரு கணம் ஏராளமான மின்னோட்டத்தை இழுக்கும். வோல்ட் விழும், போர்டு அணைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பார்க்கிறவர்களுக்கு ப்ரோகிராம் தவறு போலவே தெரியும்!

பேட்டரி வாங்கும் முன் மூன்று கேள்விகள்

1. எத்தனை வோல்ட் வேண்டும்?
எங்கள் மஞ்சள் நிற கியர் மோட்டாருக்கு 5 வோல்ட் அளவில் வேண்டும். எல்298 மோட்டார் டிரைவர் தன் பங்குக்கு சுமார் 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். ஆக மொத்தம் 7 வோல்ட். அர்டினோ ஊனோவுக்கும் வெளி பேட்டரி என்றால் 7 முதல் 12 வோல்ட் கொடுப்பதுதான் நல்லது.

2. ஒரே நேரத்தில் எத்தனை ஆம்பியர் தரும்?
நான் கேட்க மறந்த கேள்வி இது. 9 வோல்ட் என்று எழுதியிருந்தாலே போதும் என்று நினைத்துவிட்டேன்.

3. எவ்வளவு நேரம் வரும்?
பேட்டரி மேல் எம்.ஏ.எச். என்று போட்டிருக்கும். 2000 எம்.ஏ.எச். செல்லிலிருந்து சராசரியாக 400 மில்லி ஆம்பியர் எடுத்தால், 2000 ÷ 400 = 5 மணி நேரம். இது காகிதக் கணக்கு, நிஜத்தில் குறையும். இன்னொன்று: ஆறு செல்லைத் தொடராக இணைத்தால் வோல்ட்தான் கூடும். எம்.ஏ.எச். அதே 2000தான், 12000 ஆகாது!

எது நல்லது?

சுவர்க் கடிகாரத்தில் போடும் ஏஏ அல்கலைன் செல்: எங்கும் கிடைக்கும். சதுர பேட்டரியைவிட எவ்வளவோ மேல். ஆனால் தீர்ந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான்.

நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ஏஏ செல்: ஒன்று 1.2 வோல்ட். ஆறு சேர்த்தால் 7.2 வோல்ட். அகமின்தடை மிகக் குறைவு. நூற்றுக்கணக்கான முறை சார்ஜ் செய்யலாம். ஆறும் சேர்ந்து சுமார் 180 கிராம் எடை.

18650 லித்தியம் அயனி செல்: 18 மி.மீ. குறுக்களவு, 65 மி.மீ. நீளம், அதனால்தான் இந்தப் பெயர். ஒன்று 3.7 வோல்ட், இரண்டு போதும். எடை 100 கிராமுக்குள். ஆனால் 4.2 வோல்ட்டுக்கு மேல் சார்ஜ் ஏற்றினாலோ, இரு முனையும் ஒட்டிக்கொண்டாலோ தீப்பிடிக்கலாம். பாதுகாப்பு போர்டும் அதற்கே உரிய சார்ஜரும் கட்டாயம். சில செல்லில் 9900 எம்.ஏ.எச். என்று அச்சடித்திருப்பார்கள், நம்பாதீர்கள். நல்ல 18650 செல்லே சுமார் 3500தான்.

நான் எடுத்தது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. கனம் கொஞ்சம் கூட என்றாலும், வீட்டில் தம்பி தங்கை இருக்கும் இடத்தில் பயமில்லாமல் சார்ஜ் போடலாம். பறக்கும் ரயில் பிடித்து சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடந்து போய் ஆறு செல்லும் ஒரு ஹோல்டரும் வாங்கிவந்தேன். அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது மீட்டர் 7 வோல்ட்டுக்குப் பக்கத்திலேயே நின்றது. வண்டி அசராமல் வளைந்தது.

உங்களுக்குத் தெரியுமா?

* லித்தியம் அயனி பேட்டரியை உருவாக்கியதற்காக குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

* நம் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் தந்தார். அங்கே பேட்டரி ஆராய்ச்சி நடக்கிறது.

* விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23-ல் நிலவில் இறங்கியது. அதில் போன 26 கிலோ ரோவர் பிரக்யானை, பேட்டரியை முழுதாக சார்ஜ் செய்துவிட்டு செப்டம்பர் 2-ல் உறங்க வைத்தார்கள். அங்கே ஓர் இரவு என்பது நமக்கு 14 நாள். குளிர் மைனஸ் 100 டிகிரிக்கும் கீழே போகும். விடிந்த பிறகு பிரக்யான் எழுந்திருக்கவில்லை. ஆனாலும் கொடுத்த வேலையை முடித்துவிட்டுத்தான் தூங்கியது.

ஒரு வேண்டுகோள்

தீர்ந்த செல்லைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். நம் பகுதிக் குப்பை போய்ச் சேர்ந்த பெருங்குடி கிடங்கு இருப்பது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில். 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த நிலம் அது. பேட்டரியைத் தனியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று அதே 2022-ல் வந்த விதியும் சொல்கிறது. ஆய்வகத்தில் சார் அனுமதியோடு ஒரு டப்பா வைத்திருக்கிறேன். முனைகளில் டேப் ஒட்டி அதில் போடுங்கள். சேர்ந்ததும் மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடலாம்.

கடைசியாக ஒன்று. என் நண்பனிடம் தனியாக மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஆனால் கத்தியது எல்லார் முன்னாலும் அல்லவா? அதனால் இங்கேயும், எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன்: டேய், உன் ப்ரோகிராமில் ஒரு வரி கூடத் தப்பில்லைடா. அளந்து பார்க்காமல் பேசியது நான்தான். அடுத்த போட்டிக்கும் நீதான் ப்ரோகிராம் எழுதணும்.



- பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன், வேளச்சேரி