மீனுக்கு முன்னாடி நத்தை: குட்டி பஃபருக்கு ஒரு தொட்டி

இதோட ஆங்கிலப் பேருக்கு 'பட்டாணி பஃபர்'னு அர்த்தம். அந்தப் பேரை அப்படியே தமிழ் எழுத்துல எழுதினா படிக்கிறவங்க மூக்கைப் பிடிச்சுக்குவாங்க. அதனால இந்தக் கட்டுரை முழுக்க குட்டி பஃபர்னே வச்சுக்குவோம். நம்ம கடற்கரையில பேத்தைன்னு சொல்ற மீனோட சொந்தக்கார மீன்தான், ஆனா முழுக்க நன்னீர்ல வாழறது. கேரளாவின் பம்பை ஆற்றில் கிடைத்த மீன்களை வைத்து 1941-ல் ஹோராவும் நாயரும் இதை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார்கள். கரினோடெட்ராவோடான் டிராவன்கோரிகஸ் என்ற பேருக்குள்ள திருவிதாங்கூர் ஒளிஞ்சிருக்கு பாருங்க. மேற்குத் தொடர்ச்சி மலை சார்ந்த நீர்நிலைகளைத் தவிர உலகத்துல வேற எங்கேயும் இது இயற்கையா கிடையாது.

நல்லா வளர்ந்தாலும் 3 சென்டிமீட்டர் சுமார்தான். ஆனா குணம் முழு வேட்டைக்காரன் குணம். ரெண்டு கண்ணும் தனித்தனியா சுழலும். இரையைப் பார்த்துட்டா ஒரே இடத்துல மிதந்துகிட்டு கொஞ்ச நேரம் அளவெடுக்கும், அப்புறம் ஒரே கொத்து. மேல ரெண்டு, கீழ ரெண்டுன்னு நாலு பல்லும் சேர்ந்து கிளி மூக்கு மாதிரி இருக்கும். அது நத்தையைப் பிடிக்கிறதுக்குன்னே அமைஞ்ச வாய்.

பிரச்சினை என்னன்னா, அளவைப் பார்த்து ஒரு கண்ணாடிக் கிண்ணம் போதும்னு நினைச்சு வாங்கிடறாங்க. கூடவே ஒரு டப்பா குருணைத் தீனி. பெரும்பாலான குட்டி பஃபர்கள் அந்தத் தீனியை வாயில வாங்கித் துப்பிடும், சில மீன் திரும்பிக்கூடப் பார்க்காது. சின்ன உடம்பு, சேமிப்பு கம்மி. சில வாரத்துல வயிறு ஒட்டி, ஒருநாள் காலையில அடியில கிடக்கும். 'நோய் வந்துடுச்சு'ன்னு சொல்லுவோம். பல நேரம் அது வெறும் பட்டினி.

அதனால வேலையைத் தலைகீழா ஆரம்பிக்கணும்: முதல்ல சாப்பாடு, அப்புறம் தண்ணி, கடைசியில மீன். நல்லவேளையா முதல் ரெண்டுக்கும் ஒரே மாசம் போதும்.

ஒரு பிளாஸ்டிக் டப்புல குளோரின் நீக்கின தண்ணி ஊத்துங்க. மீன் கடையில செடி வாங்கினா கூடவே ஓசியில வர்ற சின்ன நத்தைகள் இருக்கே, மத்தவங்க தொல்லைன்னு பொறுக்கிப் போடறது, அதுதான் நமக்குச் சொத்து. பத்துப் பதினஞ்சு கேட்டு வாங்கி டப்புல விடுங்க. வேகவச்ச கீரை, வெள்ளரித் துண்டு போதும். ஓடு கட்ட கால்சியம் வேணும், அதுக்குக் கழுவிக் காய்ஞ்ச முட்டை ஓட்டை உடைச்சுப் போடலாம். கொஞ்ச நாள்ல டப்பு ஓரத்துல ஜெல்லி மாதிரி முட்டைத் திட்டுகள் ஒட்டும், ஒரு மாசத்துல குட்டிகள் நிறைஞ்சிடும். மணலுக்குள்ள புதையிற, கூம்பு மாதிரி நீளமான நத்தையை மட்டும் தீனியா நம்ப வேண்டாம். ஓடு ரொம்பக் கெட்டி, பல்லுக்கு ஆபத்து.

அதே மாசத்துல தொட்டியை ஓட விடுங்க, மீன் இல்லாம. மீன் கழிவும் மிச்ச உணவும் அம்மோனியாவா மாறும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டா மாத்தும், இன்னொரு வகை நைட்ரேட்டா மாத்தும். முதல் ரெண்டும் விஷம், மூணாவது அளவோட இருந்தா பரவாயில்லை. நம்ம ஊர்த் தண்ணியில பி.எச். கூட, வெயிலும் கூட. ரெண்டும் ஏறும்போது அம்மோனியாவோட விஷத்தன்மையும் ஏறும். இந்த பாக்டீரியா ஃபில்டர் ஸ்பாஞ்சுல குடியேற 4 முதல் 6 வாரம் ஆகலாம். தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டா அதுக்குச் சாப்பாடு. டெஸ்ட் கிட்ல அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமா நின்ன பிறகுதான் மீன். வாங்கியே தீரணும்னா முதல்ல அந்த கிட்டை வாங்குங்க, அலங்காரக் கல் அப்புறம்.

ஒரு மீனுக்கு 20 லிட்டர். ஆறு மீன்னா 60 லிட்டருக்குக் குறையாம. ஆண்கள் ஒண்ணையொண்ணு கொத்திக் கிழிக்கும், அதனால ஒரு ஆணுக்கு ரெண்டு மூணு பெண். வளர்ந்த ஆணுக்கு வயித்துல கறுப்புக் கோடு தெரியும். சின்ன வயசுல தெரியாது, கடைக்காரரும் சொல்ல முடியாது. செடி அடர்த்தியா இருக்கணும். ஒண்ணோட பார்வையில இன்னொண்ணு படாம மறைஞ்சுக்க இடம் வேணும். ஜாவா பாசி, வேலம்பாசி எதுவும் சரி. நீச்சல்ல இது மந்தம், அதனால வேகமான பவர் ஃபில்டரைவிட ஸ்பாஞ்ச் ஃபில்டர் நல்லது. கப்பியோ பெட்டாவோ கூட விடாதீங்க, வால் மிஞ்சாது.

தினசரி சாப்பாடு: ஒரு மீனுக்கு ரெண்டு மூணு சின்ன நத்தை, இல்லைன்னா உறைய வச்ச ரத்தப்புழு கொஞ்சம், கரைச்சு அலசிட்டு. கொசுப்புழுவும் அருமையான தீனி. ஆனா அதை வளர்க்கிற பக்கெட்டை மறந்தா ஒரு வாரத்துல ஹாஸ்டல் முழுக்கக் கொசு. மிச்சத்தை அரை மணி நேரத்துல எடுத்துடுங்க. கண்ணு பார்க்க வேண்டியது வயித்தை. சாப்பிட்ட பிறகு லேசா உருண்டு இருக்கணும். நல்லா சாப்பிட்டும் வயிறு ஒட்டியே இருந்து, வெள்ளை நூல் மாதிரி கழிச்சா குடல்ல ஒட்டுண்ணின்னு சந்தேகப்படுங்க. ஆத்துல பிடிச்ச மீன்கள்ல இது சகஜம்.

இறைச்சி தின்னி, கழிவு அதிகம். வாரம் 10 பி.பி.எம். நைட்ரேட் சேருதுன்னு வச்சுக்குங்க. வாரம் 25% தண்ணி மாத்தினா, மாத்தறதுக்கு முன்னாடி அளவு கடைசியில 40-ல போய் நிக்கும். 50% மாத்தினா 20-லயே நின்னுடும். ஒரு பக்கெட் கூட தூக்கினதுக்குப் பாதியா குறையுது.

கடையில மீன் பார்க்கும்போது, சாப்பிடறதைக் காட்டச் சொல்லிக் கேளுங்க. தொட்டியில பிறந்த மீன் கிடைச்சா ரெண்டு காசு கூடக் கொடுத்து வாங்கலாம். ஐ.யு.சி.என். பட்டியல்ல இது அழியும் ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய இனம். வாழிட அழிவோட, நம்மளை மாதிரி ஆளுங்களுக்காகப் பிடிக்கிறதும் அதுக்கு ஒரு காரணம். வலையில தூக்காம ஒரு கப்புல தண்ணியோட மொண்டு எடுங்க. வெளியில தூக்கினா பயத்துல காத்தை இழுத்து ஊதிக்கும், அது வெளியேறாம மிதந்தே செத்துப் போகலாம்.

தீபாவளிக்கு ஊருக்குப் போறப்போ பக்கத்து ரூம் பையன் கையில புழுப் பாக்கெட்டைக் கொடுத்துட்டுப் போகாதீங்க, பாசத்துல கொட்டிடுவான். வளர்ந்த மீன் ரெண்டு மூணு நாள் தாங்கும். அளவு கலந்து பத்து நத்தையைத் தொட்டியில விட்டுட்டு பஸ் ஏறுங்க. சின்னது முதல்ல போகும், பெருசு நீங்க திரும்புற வரைக்கும் கண்ணாடியில ஊர்ந்துட்டு இருக்கும்.