கரை காணாத ஒரு நாள்

  

சென்ற தவணையில் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் போக்குவரத்துச் சாதனங்களைப் பற்றி நாம் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவி கப்பல் விளம்பரத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். அதில் ஒவ்வொரு நாளுக்கும் எதிரே ஒரு துறைமுகத்தின் பெயர் இருந்தது. ஒரு நாளுக்கு எதிரே மட்டும் 'கடலில்' என்ற ஒரே சொல். "ஐயா, கரைக்கே போகாத நாளில் அங்கே என்ன செய்வார்கள்?" என்று அவள் வினவினாள்.

தொலைதூரத் தீவுகளையும் பனிக்கடல்களையும் காணச் செல்லும் ஆய்வுப் பயணக் கப்பல்கள் இவை. இவ்வகையில் முன்னோடியாகிய 'லிண்ட்பிளாட் எக்ஸ்ப்ளோரர்' 1969-இல் கட்டப்பட்டது. அதில் ஏறக்குறைய நூறு பயணிகளே சென்றனர். கரை காணாத நாளில் இத்தகைய கப்பல்களில் செல்வோர் அறிஞர்களின் விரிவுரை கேட்பர்; கடற்பறவைகளைத் தேடுவர்; சாய்வு நாற்காலியில் உறங்குவர். கட்டணம் நமக்கு எட்டாதது. ஆயினும் அத்தகைய கடல் நாள்களைக் கண்டவர்கள் நம் தோட்டத்துக் குடும்பங்களிலும் இருந்தார்கள் என்று நாம் விடை கூறினோம். வகுப்பு நம்பவில்லை. ஆதலால் இக்கட்டுரை.

'ரஜூலா' என்னும் நீராவிக் கப்பலின் பெயரை முதியோர் அறிவர். பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனத்திற்காக ஸ்காட்லாந்தில் கட்டப்பட்டு 1926 முதல் ஓடிய கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்பது அதன் வழி. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை, அதாவது அறையின்றித் தளத்திலேயே பாய் விரித்துப் படுப்போரை, ஏற்றிச் செல்ல அதற்கு உரிமம் இருந்தது. அங்கே நூறு பேர். இங்கே ஐயாயிரம் பேர். 1973-இல் அது இவ்வழியினின்றும் விடைபெற்றது.

எம் பாட்டியார் அக்கப்பலில் வந்தவர். 1937-இல், தம் பத்தொன்பதாம் வயதில், முசிறிப் பக்கத்திலிருந்து நாகப்பட்டினம் முகாமுக்கு வந்து அங்கே ஏறினார். மறு ஆண்டே, அஃதாவது 1938-இல், தோட்ட வேலைக்கு உதவிப் பயணமாக ஆள் அனுப்புவதை இந்திய அரசு தடை செய்துவிட்டது.

இனிச் சிறிது கணக்கு. நாகையிலிருந்து பினாங்கு ஏறத்தாழ 1,260 கடல் மைல். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். கப்பல் மணிக்கு 12 கடல் மைல் செல்வதாகக் கொண்டால் 105 மணி நேரம்; நான்கு நாளும் ஒன்பது மணியும் ஆகும். அவற்றுள் மூன்றாம் நாள் வங்கக் கடலின் நடுப்பகுதியில் கழியும். தண்ணீருக்கு மேல் 9 மீட்டர் உயரத்தில் நின்று பார்ப்பவருக்குச் சுற்றிலும் சுமார் 11 கிலோமீட்டர் வரையே கடல் தெரியும். அவ்வட்டமும் கப்பலோடு கூடவே நகர்ந்து வரும்.

முதல் இரண்டு நாளும் பாட்டியாருக்கு வாந்தியும் மயக்கமும். இதன் காரணம் எளிது. உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பு 'ஆடுகிறோம்' என்கிறது. கீழ்த்தளத்துச் சுவரைப் பார்க்கும் கண்ணோ 'ஆடவில்லை' என்கிறது. இரண்டும் முரண்பட, வயிறு கலங்குகிறது. மேலே வந்து அடிவானத்தை நோக்கினால் பெரும்பாலும் தணியும். யாரோ ஓர் அம்மாள் கைத்தாங்கலாக அழைத்துவந்து பாட்டியாரைத் தளத்தில் உட்காரவைத்தாராம். அறிவியல் படியாத அந்த அம்மாளுக்கு இது தெரிந்திருந்தது.

மூன்றாம் நாளைப் பாட்டியார் சொன்னவாறே தருகிறோம். "அன்னிக்கு யாரும் என்னை எழுப்பல, சாமி. வெயில் மூஞ்சில பட்டுத்தான் முழிச்சேன். பறவைக் கோலா கூட்டங்கூட்டமா எழும்பிப் பறந்துச்சு. தலையை அவுத்து, சிக்கெடுத்து, பொழுதெல்லாம் ஆத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒரு வேலையும் இல்ல." ஊரில் விடியுமுன் நாற்றங்காலுக்கு; இங்கே சிங்கப்பூரில் இறங்கி, செயின்ட் ஜான் தீவில் தொற்றுத் தடுப்புக் காவலிருந்து, இரயிலேறி ஜொகூர் வந்த பின்னர் இருட்டிலேயே பெரட்டுக்கு. இவ்விரண்டுக்கும் நடுவே அந்த ஒரு பகல். பறவைக் கோலா பறவையன்று, மீன். விரிந்த துடுப்புகளால் நீருக்கு மேல் சறுக்கிச் செல்வது. நாகைக் கடற்கரையார் அதை விரும்பி உண்பர்.

ஆனால் அந்த நாளும் முழு நாளன்று. பூமி 360 பாகையை 24 மணி நேரத்தில் சுழல்கிறது. ஆகவே ஒரு பாகைக்கு 4 நிமிடம். நாகை ஏறத்தாழ கிழக்குத் தீர்க்கக்கோடு 80 பாகையிலும், பினாங்கு 100 பாகையிலும் உள்ளன. கப்பல் நாளொன்றுக்கு ஏறக்குறைய நாலே முக்கால் பாகை கிழக்கே சென்று, சூரியனை எதிர்கொள்கிறது. அதனால் ஒரு நண்பகலுக்கும் மறு நண்பகலுக்கும் இடையே 24 மணி இராது. சுமார் 19 நிமிடம் குறையும். கப்பற்கடிகாரத்தை அதற்கேற்ப முன்னே தள்ளி வைப்பர்.

1991-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி விடுமுறைக்கு வந்தபோது, புதிதாய்க் கற்ற செருக்கில் இதனைப் பாட்டியாருக்கு விளக்கினோம். அவர் வெற்றிலையை மடித்தபடியே கேட்டிருந்துவிட்டு, "அதுலயுமா பிடித்தம் பண்ணினாங்க?" என்றார். நமக்குச் சிரிப்பு வந்தது, அவர் சிரிக்கவில்லை. பூமியின் சுழற்சியால் நேர்வது, ஒருவரும் பிடிக்கவில்லை என்றோம். சம்பளச் சீட்டையே எழுத்தறியாமல் கைரேகை வைத்து வாங்கியவருக்கு அவ்விடை போதுமானதாக இருந்ததா என்று நமக்கு இன்றும் ஐயமே.

மேற்கு நோக்கித் திரும்பிச் செல்வோருக்கு அந்த நிமிடங்கள் திரும்பக் கிடைக்கும். அவர்தம் நாள் 24 மணியினும் நீளும். ரஜூலாவுக்குப் பின் 'எம்.வி. சிதம்பரம்' இவ்வழியில் ஓடியது. 1985 பிப்ரவரியில் அதில் தீப்பற்றி உயிர்ச்சேதம் நேர்ந்தபின் அதுவும் நின்றது. பாட்டியார் ஒருமுறையும் திரும்பிச் செல்லவில்லை.

சிங்கப்பூர் ஏறத்தாழ 104 பாகையில் உள்ளது. நாகையில் ஏறிச் சிங்கப்பூரில் இறங்கியவர் மொத்தம் எத்தனை நிமிடம் இழந்திருப்பார் என்பதை ஆறாம் ஆண்டு மாணவர்கள் கணக்கிட்டு எம்மிடம் காட்டுக. வீட்டில் கப்பலேறி வந்த முதியோர் பற்றி நினைவுடையோர் எவரேனும் இருப்பின், அவர்களிடம் மூன்றாம் நாளைப் பற்றிக் கேட்டு, அதனையும் அதே தாளின் மறுபக்கத்தில் எழுதி வருக.