பறங்கியின் தலையில் கட்டிய நோய்

நம்பிக்கை: ஒல்லாந்தர் குடித்தால்தான் துணிவார்கள்; அதனால்தான் குடிவெறியில் வரும் வீரத்தை ஆங்கிலத்தில் 'டச்சுத் தைரியம்' என்கிறார்கள்.

உண்மை: 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்த அந்த ஒல்லாந்தர், அதே நூற்றாண்டில் ஆங்கிலேயரோடு மூன்று கடற்போர் நடத்தியவர்கள். டச்சுக்காரரை இழித்துப் பேசும் ஆங்கில வழக்குகள் பல அந்தப் பகையில் வேர்விட்டவை.

நோய்களின் பெயரிலும் இதே பகைதான்.

நம்பிக்கை: பறங்கி நோய் என்று மேகநோய்க்குப் பெயர் இருக்கிறதே, கொண்டுவந்தவர் பறங்கியரான போர்த்துக்கேயர்தான்.

உண்மை: பெயர் சாட்சி ஆகாது. 1495இல் பிரெஞ்சுப் படை நேப்பிள்ஸைப் பிடித்த காலத்தில் ஐரோப்பாவில் சிபிலிஸ் என்னும் மேகநோய் வெடித்தது. ஆங்கிலேயருக்கு அது பிரெஞ்சு நோய். பிரெஞ்சுக்காரருக்கு நேப்பிள்ஸ் நோய். ரஷ்யருக்குப் போலந்து நோய். யாரோடு பகையோ அவர் தலையில் கட்டிவிட்டார்கள். நாட்டு மருந்துக்கடையில் அதற்குக் கொடுத்த பறங்கிப்பட்டையைப் பாருங்கள்: பட்டையே அல்ல, கரடுமுரடான கிழங்குத் துண்டு. விளைந்ததும் சீனத்தில்; ஏற்றிவந்து விற்ற பறங்கியின் பெயர் ஒட்டிக்கொண்டது.

இலங்கையில் நடந்தது இன்னும் கொடுமை. 1881இல் தீவின் தலைமை வைத்திய அதிகாரி கின்சி 'பறங்கி'யைப் பற்றித் தனி அறிக்கையே எழுதினார். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தெற்கே வன்னிக் கிராமங்களை வாட்டிய அந்த நோய் சிபிலிஸ் அல்ல, 'யோஸ்'. 1905இல் கொழும்பில் அல்டோ கஸ்டெல்லானி கண்டுபிடித்த அதன் கிருமி, சிபிலிஸ் கிருமிக்கு மிக நெருங்கிய உறவு. நுணுக்குக்காட்டியில் இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஆனால் தொற்றும் வழி வேறு. விளையாடும் பிள்ளை ஒன்றின் புண்ணில் கசியும் நீர், மற்றப் பிள்ளையின் முழங்கால் கீறலில் பட்டால் போதும். சில கிழமைகளில் அங்கே ஒரு முடிச்சு எழும்பி, உடைந்து, புண்ணாகும். கவனிக்காமல் விட்டால் எலும்பையும் தின்னும்.

கழுவத் தண்ணீரும் சவர்க்காரமும் இல்லாத வீடுகளின் நோய் அது. அதற்கு மேகநோயின் பெயரைச் சூட்டி, ஒழுக்கம் கெட்டவர்கள் என்ற பழியையும் அந்த ஏழைகள்மேல் ஏற்றியது பெரிய அநியாயம். 1950களில் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் பல நாடுகளில் ஊரூராக மருந்து கொண்டுபோனபோது, இந்த நோயை மாற்ற ஒரேயொரு பென்சிலின் ஊசி போதுமாக இருந்தது.