மழைக்காலத்தில் நம் முயல்

வாடைக்காற்று வீசத் தொடங்கிவிட்டால் பழவேற்காட்டு ஏரியில் பூநாரைகள் வந்து இறங்கும். கடல் கொந்தளிக்கும் நாட்களில் நம் ஊர்ப் படகுகள் கரையேறிவிடும். வீட்டில் எல்லோரும் அடுப்படியைச் சுற்றி அமர்ந்து சுக்குக் காப்பி குடிக்கிறோம். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறோம். கொல்லைப்புறத்துக் கூண்டில் இருக்கும் முயல் அப்போது என்ன செய்கிறது என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

நாங்கள் எண்ணிப் பார்த்தோம். ஆனால் தவறாக எண்ணினோம். எங்கள் வகுப்பார் வளர்த்த முதல் முயலின் பெயர் பஞ்சு. மார்கழி மாதத்தில் அதற்குக் குளிருமே என்று இரங்கி, கூண்டைச் சுற்றிலும் பிளாஸ்டிக் தாளை இறுக்கிக் கட்டினோம். உள்ளே பழைய கம்பளித் துண்டு ஒன்றையும் விரித்தோம். மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் பஞ்சு தும்மியது, மூக்கில் சளி ஒழுகியது, புல்லைத் தொடவில்லை. மறுநாள் காலையில் அது உயிரோடு இல்லை. "குளிர் இதைக் கொல்லவில்லை, ஈரமும் அடைபட்ட காற்றுமே கொன்றன" என்று கால்நடை மருத்துவர் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முயலும் குளிரும்

நாம் வீட்டில் வளர்க்கும் முயலின் முன்னோர்கள் ஸ்பெயின், போர்த்துக்கல் நாடுகளில் வளை தோண்டி வாழ்ந்தவை. அதன் உடல் வெப்பம் ஏறக்குறைய 39 டிகிரி செல்சியஸ். அடர்ந்த உரோமம் காற்றைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொண்டு அந்த வெப்பத்தைக் காக்கிறது. நீண்ட காதுகளோ வெப்பத்தை வெளியேற்றும் சன்னல்கள் போன்றவை. குளிர் வந்தால் காதுகளிலுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்கி அந்தச் சன்னல்களை மூடிக்கொள்ளும்.

நீலகிரியில் சாண்டிநல்லாவிலும், கொடைக்கானலை அடுத்த மன்னவனூரிலும் உள்ள அரசு ஆராய்ச்சி நிலையங்களில் ஒயிட் ஜெயண்ட், சோவியத் சின்சில்லா போன்ற இன முயல்களை வளர்க்கிறார்கள். அந்த மலைக்குளிரில் அவை நன்றாகவே வாழ்கின்றன. நம் கடற்கரையிலோ மார்கழி விடியலிலும் வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரி அளவில்தான் இருக்கும். இது முயலுக்குச் சுகமான குளிரே. உண்மையில் 30 டிகிரியைத் தாண்டும் கோடை வெயில்தான் அதற்குப் பெருந்துன்பம்.

அப்படியானால் மழைக்காலத்தில் ஏன் முயல்கள் நோயுறுகின்றன? உரோமம் நனைந்துவிட்டால் அதற்குள் காற்று நிற்காது. நனைந்த போர்வை நமக்கு உதவாதது போலவே நனைந்த உரோமமும் முயலுக்கு உதவாது. ஆகவே நாம் தடுக்க வேண்டியவை மூன்று: ஈரம், நேராக வீசும் காற்று, கெட்ட காற்று.

கூண்டு

கூண்டைத் தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில் கால்களின் மேல் நிறுத்த வேண்டும். மழைநீரும் எலியும் பாம்பும் எளிதில் அணுகா. வடகிழக்குப் பருவக்காற்று வரும் திசையை நம் அப்பாக்களிடம் கேட்க வேண்டியதில்லை, நமக்கே தெரியும். வடக்கும் கிழக்கும் மறைவாக இருக்க, கூண்டின் திறந்த முகம் தெற்கு நோக்கி இருப்பது நல்லது. மறைவுக்குப் பனையோலைப் பாய் போதும். மேலே ஓரிரு சாண் இடைவெளி விட்டுப் பாயைத் தொங்கவிட்டால் சாரல் தடைபடும், காற்றும் உலவும். கூரைக்கு ஓலை சிறந்தது. தகரம் இரவில் குளிர்ந்து, உட்புறம் நீர்த்துளிகள் கோத்துச் சொட்டும்.

கிழிந்த நைலான் வலையைக் கூண்டுக்குக் கட்டும் வழக்கம் நம் ஊரில் உண்டு. முயல் அதைக் கடிக்கும்; காலும் சிக்கிக்கொள்ளும். வலை மீனுக்கு, முயலுக்கு வேண்டாம்.

படுக்கை

உலர்ந்த வைக்கோலே முதல்தரமான படுக்கை. நான்கு விரல் கனத்துக்குப் பரப்பினால் முயல் அதில் குழி பறித்துப் படுத்துக்கொள்ளும். கடற்கரை மணலை இடக்கூடாது. அதிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து, மணலை எப்போதும் நசநசவென்று வைத்திருக்கும். கம்பளித் துண்டும் அப்படியே. சிறுநீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். எங்கள் பிழை அதுவே.

கம்பி வலைத் தரையானால் ஒரு மூலையில் பலகை போட வேண்டும். இல்லையேல் பாதத்தில் புண் வரும். நனைந்த வைக்கோலை நாள்தோறும் நீக்க வேண்டும். சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா வாயு முயலின் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். இதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. காலையில் கூண்டுக்குள் நம் முகத்தை நீட்டிப் பார்ப்போம். நம் மூக்கில் நெடி ஏறினால், இரவு முழுவதும் அங்கே இருந்த முயலின் நிலை என்ன?

உணவும் நீரும்

குளிர் நாளில் உடலைச் சூடாக வைக்க முயல் சற்று அதிகமாகவே உண்ணும். புல்லே முதன்மையான உணவு. வேலிமசால், கல்யாண முருங்கை இலை ஆகியவற்றையும் அளவாகக் கொடுக்கலாம். மழையில் அறுத்த புல்லைக் குவித்து வைத்தால் புழுங்கிக் கெடும். உதறிப் பரப்பி, நீர் வடிந்த பின்னரே இட வேண்டும். நம் பகுதியில் பல கிணறுகள் உப்பாதலால், நாம் குடிக்கும் நீரையே முயலுக்கும் வைப்போம். அரை நாள் முழுவதும் உண்ணாமலும் புழுக்கை போடாமலும் முயல் இருந்தால் உடனே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

தாய் முயல் கற்பிக்கும் பாடம்

சினையுற்ற முயல் ஏறக்குறைய 31 நாட்களில் குட்டி ஈனும். அதற்குச் சற்று முன் தன் வயிற்று உரோமத்தைத் தானே பிடுங்கி, வைக்கோலோடு சேர்த்து மெத்தை செய்யும். குட்டிகள் உரோமமின்றி, கண் மூடியபடி பிறக்கின்றன. கண் திறக்கப் பத்து நாட்களாகும். குளிரில் உண்மையாகவே வருந்துவன இவையே. ஒன்றரை அடி நீளமும் ஓர் அடி அகலமும் உள்ள மரப்பெட்டி ஒன்றை முன்கூட்டியே வைக்க வேண்டும். தாய் நாளில் ஓரிரு முறை மட்டுமே வந்து பாலூட்டும். அதைக் கண்டு குட்டிகளைக் கைவிட்டதாக எண்ண வேண்டாம். விலகிக் குளிர்ந்து கிடக்கும் குட்டியை உள்ளங்கையில் வைத்து மெல்லச் சூடேற்றி, கூட்டத்தோடு சேர்க்க வேண்டும்.

ஏரிக்கரைப் புதர்களில் காணும் காட்டுமுயல் வேறு இனம். அதன் குட்டி உரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். அதைப் பிடித்து வளர்ப்பதை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது.

செய்யத் தகாதவை

முயலைக் குளிப்பாட்டக் கூடாது; அது தன்னைத் தானே நக்கித் தூய்மை செய்துகொள்ளும். குளித்தால்தான் சுத்தம் என்று, தாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என வாதிடுவோர் உண்டு. நாம் இணங்க வேண்டாம். வைக்கோல் அருகே மின்விளக்கோ மண்ணெண்ணெய் விளக்கோ வைத்தால் தீப்பற்றும். மழையில் நனைந்துவிட்ட முயலைத் துண்டால் ஒற்றித் துடைத்து, வீட்டினுள்ளே வைக்கலாம். நடுங்கினால் வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி அருகில் வைத்தால் போதும்.

புயல் நாளில்

2016 டிசம்பரில் வர்தா புயலையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் பெருமழையையும் நம் மாவட்டம் கண்டது. எண்ணூர் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய செய்தி வந்ததுமே நம் முயல் கூண்டையும் நினைப்போம். மூடியுள்ள பனையோலைக் கூடை ஒன்று, ஒரு பை உலர்ந்த வைக்கோல், கொஞ்சம் உலர்ந்த புல் ஆகியவற்றை முன்னரே எடுத்து வைக்க வேண்டும். நாம் பாதுகாப்பு முகாமுக்குப் போகும்போது பூட்டிய கூண்டில் முயலை விட்டுச் செல்வது, நீரில் அதைத் தள்ளுவதற்குச் சமம்.

நிறைவாக

அக்டோபர் 4-ஆம் நாள் அசிசி நகர்ப் புனித பிரான்சிசின் திருநாள். உலக விலங்குகள் நாளும் அதுவே. பருவமழை தொடங்குவதற்கு முன் வரும் அந்நாளில் கூண்டைப் பழுதுபார்த்துவிடுவது எங்கள் வகுப்பின் வழக்கமாகிவிட்டது. இப்போது எங்களிடம் இருக்கும் இரண்டாவது முயல் மூன்று மழைக்காலங்களைத் தும்மலின்றிக் கடந்துவிட்டது. மூவரசர் திருநாள் முடிந்து பள்ளிக் குடிலைக் கலைக்கும்போது, சரிகைத் தாள் கலவாத உலர்ந்த வைக்கோலை அருட்சகோதரி எங்களுக்குத் தருகிறார். அது நேரே கூண்டுக்குப் போகிறது.

பஞ்சுவிடம் எங்களுக்கு அன்பு இல்லாமல் இல்லை. அறிவுதான் இல்லாமல் போயிற்று. அன்புத் தோழியரே, உங்கள் கூண்டில் இன்று இரவு கையை விட்டுப் பாருங்கள். வைக்கோல் உலர்ந்திருக்கிறதா?

— எட்டாம் வகுப்பு மாணவியர்