ஒலிபெருக்கியைச் செப்பனிடுதல்

ஓட்டையான பித்தளைக் குடத்தைப் பற்றவைத்தும், கிழிந்த குடையைத் தைத்தும், மழுங்கிய அரிவாளைச் சாணை பிடித்தும் பயன்படுத்துவது மக்களிடையே நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். ஒரு பொருள் பழுதுற்றால் அதனை எறிந்துவிடாமல், பழுது யாதென ஆராய்ந்து செப்பனிட்டுக்கொள்வதே சிக்கனமுள்ள குடும்பத்தின் இயல்பு. மின்பொருள்கள் வீட்டினுள் நுழைந்த பின்னர் இவ்வழக்கம் தளர்ந்தது. குடையின் கம்பி எங்கே வளைந்தது என்பது கண்ணுக்குத் தெரியும். மின்பொருளின் உள்ளே நிகழ்ந்தது தெரியாது. தெரியாததைத் தொட அஞ்சுவது மனித இயற்கை. அவ்வச்சத்தால், சிறு பழுதே உற்ற பொருளும் குப்பைக்குப் போய்ச் சேர்கிறது. கையில் எடுத்துச் செல்லத்தக்க சிறிய ஒலிபெருக்கி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

இவ்வொலிபெருக்கியின் அமைப்பு மிக எளிது. மின்னாற்றலைச் சேமித்து வைக்கும் மின்கலம். வெளியிலிருந்து மின்சாரத்தை ஏற்கும் துளைவாய். கைப்பேசி புளூடூத் வாயிலாக அனுப்பும் குறிப்புகளைப் பெற்றுப் பெருக்கும் மின்சுற்றுப் பலகை. மின்துடிப்பை ஒலியாக மாற்றும் ஒலிப்பான். இவற்றை இணைக்கும் கம்பிகள் என அதன் உறுப்புகள் ஐந்து. இவை ஒரு சங்கிலியின் கண்ணிகளைப் போன்றவை. எந்தக் கண்ணி அறுந்தாலும் பெட்டி ஊமையாகிவிடும். ஐந்தில் நான்கு செவ்வையாக இருக்க, ஒன்று கெட்ட காரணத்தால் ஐந்தையும் எறிவது அறிவுடைமை ஆகுமோ? அறுந்த கண்ணி எது எனக் கண்டறிதலே பழுது பார்ப்பவரின் முதற் கடமை.

ஒலிக்காத பெட்டியைக் கண்டவுடன் திருப்புளியைத் தேடுதல் கூடாது. நல்ல மருத்துவர் நோயாளியைக் கண்டவுடன் கத்தியை எடுப்பதில்லை, முதலில் வினவுகிறார், நாடி பார்க்கிறார். அவ்வாறே, பெட்டியைத் திறவாமலே செய்யத்தக்க சோதனைகள் நான்கு உள்ளன. மின்சாரம் கொண்டுவரும் வடத்தை மாற்றிப் பார்த்தல் முதலாவது. நாள்தோறும் வளைந்து நிமிரும் வடத்தினுள் கம்பி அறுந்திருத்தல் பலகாலும் காணப்படும் பழுது. மின்னேற்றும் கருவியை மாற்றிப் பார்த்தல் இரண்டாவது. துளைவாயை வெளிச்சத்தில் நோக்குதல் மூன்றாவது. பையிலுள்ள பஞ்சும் தூசியும் அதனுள் இறுகி அடைந்திருக்கக்கூடும்; பெட்டியை நிறுத்திவிட்டு, மெல்லிய மரக்குச்சியின் நுனியால் அவற்றைக் களையலாம். ஊசி முதலிய உலோகப் பொருள்களை உள்ளே செலுத்துதல் ஆகாது. வேறொரு கைப்பேசியோடு இணைத்துப் பார்த்தல் நான்காவது. இந்நான்கினாலேயே வாய் திறந்துவிடும் பெட்டிகள் பல. பெட்டி உத்தரவாதக் காலத்திற்குள் இருப்பின், அதனை விற்றவரிடம் கொண்டு செல்லுதலே முறை. வீட்டில் திறந்த பெட்டிக்கு அவ்வுத்தரவாதம் மறுக்கப்படலாம்.

இவற்றால் பயன் விளையாவிடின் பெட்டியைத் திறக்கலாம். வெளிச்சம் நிறைந்த இடத்தில், மேசைமீது வெள்ளைத் துணி ஒன்றை விரித்துக்கொள்ளுதல் நன்று. கைதவறி விழும் சிறு திருகாணியும் அதன்மேல் தெளிவாகத் தெரியும். சிறிய திருப்புளிகள், பயன்படாத பிளாஸ்டிக் அட்டை ஒன்று, வோல்ட்டும் ஓமும் அளக்கும் மல்டிமீட்டர் என்னும் கருவி ஆகியவை தொடக்கத்திற்குப் போதும். தேர்ந்த கைவினைஞர், பெட்டியின் உருவத்தை ஒரு தாளில் வரைந்து, கழற்றிய திருகாணிகளை அவையவை இருந்த இடத்திலேயே தாளில் ஒட்டி வைப்பார். நீண்ட திருகாணியைக் குட்டைத் திருகாணியின் துளையில் முடுக்கினால், அது உள்ளிருக்கும் உறுப்பைச் சிதைத்துவிடும் என்பதை அவர் அறிவார். ஒவ்வொரு படியையும் கைப்பேசியால் படம் பிடித்து வைத்தல் மேலும் ஒரு பாதுகாப்பு.

திருகாணிகள் எங்கே உள்ளன என்பதே முதற் புதிர். அவை அடியிலுள்ள ரப்பர்க் கால்களின் கீழோ, பெயர்ப் பட்டையின் கீழோ, ஒலி வெளிவரும் வலையின் பின்னோ மறைந்திருக்கும். எல்லாவற்றையும் கழற்றிய பின்னும் பெட்டி பிரியாவிடின், இன்னும் ஒரு திருகாணி எஞ்சியுள்ளது என்றோ, ஓரங்கள் கொக்கிகளால் பிணைந்துள்ளன என்றோ கொள்ளல் வேண்டும். வலிந்து பிளத்தல் கூடாது. பிளாஸ்டிக் அட்டையை இடுக்கில் செலுத்திச் சுற்றிலும் சிறிது சிறிதாக நெம்பினால் கொக்கிகள் ஒவ்வொன்றாக விடுபடும். பிரிந்த இரு பாதிகளையும் விரைந்து இழுப்பவர், அவற்றை இணைக்கும் கம்பிகளை அறுத்துவிடுவர். ஒரு பழுதைத் தேடப்போய் மற்றொரு பழுதை உண்டாக்குவர்.

உள்ளே முதலில் நோக்கத்தக்கது மின்கலம். பெரும்பாலும் இது லித்தியம் அயனி வகையைச் சேர்ந்தது. 1991 ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டுச் சோனி நிறுவனம் இவ்வகையை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதன் வளர்ச்சிக்கு அடிகோலிய ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ ஆகிய மூவர்க்கும் 2019 ஆம் ஆண்டில் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பெற்றது. சிறிய உருவில் பேராற்றலை அடக்கி வைத்திருப்பது இதன் சிறப்பு. இதனால் விளையும் இடருக்கும் அதுவே காரணம். இதனுள் இரண்டு மெல்லிய தகடுகளும், அவை ஒன்றையொன்று தொடாவண்ணம் இடையே ஒரு மெல்லிய தடுப்பும், எளிதில் தீப்பற்றும் நீர்மத்தில் தோய்ந்திருக்கின்றன. கூரிய கருவி பட்டுத் தடுப்புக் கிழிந்தால், தகடுகள் தம்முள் தொட்டு, நொடிப்பொழுதில் வெப்பம் பெருகித் தீ எழும். ஆதலின் மின்கலத்தின் அருகே உலோகக் கருவியால் நெம்புதல் பெரும்பிழை.

சில மின்கலங்கள் தலையணைபோல் உப்பியிருக்கும். உள்ளே வளி உண்டாகிவிட்டதற்கு அஃது அடையாளம். அதனைக் கண்டவர் வேலையை அங்கேயே நிறுத்துதல் வேண்டும். உப்பிய மின்கலத்தை அழுத்துதலும் குத்துதலும் மின்னேற்றுதலும் ஆகா. தீப்பற்றும் பொருள்களுக்கு அப்பால், உலர்ந்த மணலில் அதனை வைத்து, மின்கழிவு பெறும் இடத்தில் விரைவில் ஒப்படைத்தல் வேண்டும். ஒலிபெருக்கி போனால் வேறொன்று வாங்கலாம். கண்ணும் கையும் போனால் வாங்க இயலுமோ? நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவதும் தொழிலறிவின் ஒரு பகுதியே.

மின்கலம் உப்பாமல் இருப்பின், முதல் வேலையாக அதன் இணைப்பை நீக்குதல் வேண்டும். இணைப்புக் கம்பிகளைத் துண்டிக்க நேரின், இரண்டையும் ஒருசேர வெட்டுதல் கூடாது; கத்தரியின் உலோக வாயே அவற்றை இணைத்துவிடும். ஒன்றை வெட்டி, அதன் முனையை ஒட்டுநாடாவால் மூடிய பின்னரே மற்றொன்றை வெட்டுதல் முறை. பின்னர் அளவி கொண்டு மின்னழுத்தத்தை அளக்கலாம். நிறைந்த தனி மின்கலம் 4.2 வோல்ட்டு அளவும், ஓரளவு செலவானது 3.7 வோல்ட்டு அளவும் காட்டும். 2.5 வோல்ட்டுக்கும் கீழே தாழ்ந்து நெடுநாள் கிடந்த மின்கலத்தை மீண்டும் உயிர்ப்பிக்க முயலுதல் இடர் தரும். அதனுள் இருக்கும் செம்பு கரைந்து, மின்னேற்றும்போது உள்ளேயே மின்குறுக்கை விளைவிக்கக்கூடும். புதிய மின்கலம், பழையதன் வோல்ட்டும் உருவளவும் பாதுகாப்புச் சுற்றும் உடையதாக இருத்தல் வேண்டும். உருளை வடிவ மின்கலத்தின் மேல் 18650 என்னும் எண் இருப்பின், குறுக்களவு 18 மில்லிமீட்டர், நீளம் 65 மில்லிமீட்டர் என்பது பொருள். இத்தகைய உறுப்புகள் சென்னை ரிச்சி தெருவைப் போன்ற கடைத்தெருக்களில் கிடைக்கின்றன.

மின்கலம் நன்னிலையில் இருந்தும் மின்னேறாவிடின், ஐயம் துளைவாயின்மேல் செல்லும். நாள்தோறும் வடத்தைச் செருகியும் பிடுங்கியும் வருவதால், துளைவாயைப் பலகையோடு பிணைத்திருக்கும் பற்றாசு விரிசல் காணும். வடத்தை அசைக்கும்போது விளக்கு எரிந்தும் அணைந்தும் காட்டுதல் இதன் அறிகுறி. உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால், முனையைச் சுற்றி மயிரிழை போன்ற விரிசல் தெரியும். ஒரு வீட்டின் இசையை நிறுத்தியது அம்மயிரிழையே! ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு ஏறத்தாழ 185 டிகிரி செல்சியசு வெப்பத்தில் உருகும். சூடேறிய பற்றுக்கோலை அவ்விடத்தில் சில நொடிகள் வைத்து, புதிய பற்றாசு சிறிது சேர்த்தால் விரிசல் மறைந்துவிடும். குடத்தின் ஓட்டையை அடைத்த பழைய கைத்தொழிலே இங்குச் சிற்றுருவில் நிகழ்கிறது. ஆயினும் மின்கலத்தை அகற்றிய பின்னரே பற்றுக்கோலை எடுத்தல் வேண்டும். காற்றோட்டமுள்ள இடத்தில் இதனைச் செய்து, முடிவில் கைகளைக் கழுவுதல் வேண்டும். சிறுவர் பெரியோர் துணையின்றி இவ்வேலையில் இறங்குதல் ஆகாது.

விளக்கு எரிந்தும் ஒலி எழாவிடின், ஒலிப்பானை ஆராய்தல் வேண்டும். இதன் செயல் முறை வியப்புக்குரியது. மின்னோட்டம் செல்லும் கம்பியின் அருகே காந்த ஊசி அசைவதை 1820 ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டு அறிஞர் எர்ஸ்டெட்டு கண்டறிந்தார். மின்சாரத்திற்கும் காந்தத்திற்கும் உள்ள அவ்வுறவே ஒலிப்பானின் அடிப்படை. வலிய காந்தம் ஒன்றின் குறுகிய இடைவெளியில், மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று தொங்குகிறது. சுருளில் மின்னோட்டம் திசை மாறி மாறிப் பாயும்போது, காந்தம் அதனை முன்னும் பின்னும் தள்ளுகிறது. சுருளோடு ஒட்டிய கூம்பு அதிர்கிறது. கூம்பு காற்றை அதிர்விக்கிறது. அவ்வதிர்வே பாட்டாகவும் பேச்சாகவும் செவியில் விழுகிறது. அமெரிக்க நாட்டின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் 1925 ஆம் ஆண்டில் இவ்வமைப்பைச் செம்மையாக விளக்கி வெளியிட்டனர். நூறு ஆண்டுகள் கழிந்த பின்னரும் அடிப்படை மாறவில்லை. உள்ளங்கையில் அடங்கும் பெட்டியிலும் அதே காந்தமும், அதே சுருளும், அதே கூம்புமே உள்ளன.

செயல் முறை தெரிந்தால் சோதனையும் எளிதாகும். ஒலிப்பானின் கம்பிகளைப் பலகையிலிருந்து பிரித்து, 1.5 வோல்ட்டு மின்கலம் ஒன்றின் முனைகளை அவற்றில் ஒரு நொடி தொட்டால், ‘டக்’ என்னும் ஓசையோடு கூம்பு சற்றே அசையும். அசைந்தால் சுருள் உயிரோடு இருக்கிறது. அசையாவிடின் கம்பியோ சுருளோ அறுந்துள்ளது. 4 ஓம் எனக் குறித்த ஒலிப்பான், அளவியில் அதனினும் சற்றுக் குறைவாகக் காட்டுவது இயல்பு. ஒலி கரகரப்பாயின், கூம்பில் கிழிசல் உண்டா எனப் பார்த்தல் வேண்டும். தாளால் ஆன கூம்பின் சிறு கிழிசலை, மெல்லிய தாளும் வெண்பசையும் கொண்டு ஒட்டலாம். அறுந்த கம்பியை மீண்டும் பற்றவைக்கலாம். சுருள் கருகியிருப்பின், அதே ஓமும் அளவும் உடைய ஒலிப்பானை வாங்கிப் பொருத்துதலே வழி.

இவை யாவும் செவ்வையாக இருப்பின், பழுது மின்சுற்றுப் பலகையில் உள்ளது எனத் துணியலாம். நீர் புகுந்ததால் பச்சை பூத்திருப்பின், ஐசோபுரொப்பைல் ஆல்ககால் தோய்ந்த மெல்லிய தூரிகையால் துடைத்து, நன்றாக உலர்த்திப் பார்க்கலாம். நுண்சில்லு கருகியிருப்பின், அது வீட்டில் முடியும் வேலையன்று. அந்நிலையில் பெட்டியைத் தொழில் வல்லாரிடம் ஒப்படைத்தல் நன்று. அதுவரை செய்த ஆராய்ச்சியும் வீண்போகாது. “பாடவில்லை” என்று மட்டும் சொல்பவரைவிட, “மின்கலமும் ஒலிப்பானும் நலம், பழுது பலகையில் உள்ளது” என்று சொல்பவர்க்கு வேலை விரைவில் முடியும்.

பழுது நீங்கிய பின், மூடுவதற்கு முன்பே பெட்டியை இயக்கிப் பார்த்தல் வேண்டும். கம்பிகள் ஓரத்தில் நசுங்காமலும், மின்கலத்தின்மேல் திருகாணி அழுந்தாமலும் மூடுதல் வேண்டும். நீர்க்காப்பு உடையதாயின், ரப்பர் வளையத்தைப் பள்ளத்தில் பொருத்துதல் வேண்டும். ஆயினும் ஒருமுறை திறந்த பெட்டியை மீண்டும் நீரில் நம்பி விடுதல் ஆகாது. முதன்முறை மின்னேற்றும்போது ஒருவர் அருகிலிருந்து பார்த்துக்கொள்ளுதல் நன்று.

மின்பொருள்களின் குப்பை உலகெங்கும் பெருகிவரும் இக்காலத்தில், இச்சிறு தொழிலின் பயன் ஒரு வீட்டோடு நின்றுவிடுவதில்லை. இந்திய அரசு 2022 ஆம் ஆண்டில் மின்னணுக் கழிவுக்கும் மின்கலக் கழிவுக்கும் தனித்தனி விதிகளை வகுத்தது. கழிவான மின்கலங்களை நிலத்தில் புதைப்பதும் எரிப்பதும் அவ்விதிகளால் தடுக்கப்பட்டுள்ளன. ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம், சில விலக்குகள் நீங்கலாக, சிறு கருவிகளின் மின்கலத்தை அவற்றைப் பயன்படுத்துவோரே எளிதில் மாற்றத்தக்கவாறு அமைத்தல் வேண்டும் என விதித்து, அதற்கு 2027 பிப்ரவரி 18 ஆம் நாளைத் தொடக்கமாகக் குறித்தது. பிரித்துப் பார்க்க இயலாத பொருள்களைச் செய்து குவிக்கும் போக்கிற்கு இஃது ஒரு தடை.

சட்டம் பெட்டியைத் திறக்க வழி செய்யலாம். திறந்த பின் நோக்குவதற்குப் பொறுமையும் அறிவும் வேண்டும். பெரிய அமைதிக்குக் காரணம் மயிரிழை விரிசலாகவும் இருக்கலாம். கடக்கலாகாத இடராகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறியும் கண்ணே பழுது பார்ப்பவரின் முதற் கருவி. திருப்புளியும் பற்றுக்கோலும் அதற்குப் பின்னரே வருவன.

வினாக்கள்

1. ஒலிபெருக்கியைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள் யாவை?
2. உப்பிய மின்கலத்தைக் கண்டவர் செய்யத் தக்கனவும் தகாதனவும் கூறுக.
3. ஒலிப்பான் மின்துடிப்பை ஒலியாக மாற்றும் முறையை விளக்குக.
4. “நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவதும் தொழிலறிவின் ஒரு பகுதியே.” இக்கூற்றைப் பிறிதொரு தொழிலைக் காட்டி நிறுவுக.