தொட்டிப் பனையின் ஓலை கருகுவதேன்?

நம் கல்லூரி நூல்நிலைய வாயிலின் இருமருங்கும் இரண்டு தொட்டிப் பனைகள் நின்றன. அவை மடகாஸ்கர்த் தீவைத் தாயகமாகக் கொண்டு, இன்று நம் நாட்டில் 'அரேகா பாம்' என்னும் பெயரால் வளர்க்கப்படும் இனத்தன. சென்ற கோடையில் அவ்விரண்டின் ஓலை நுனிகளும் பழுப்பேறிக் கருகத் தொடங்கின. கண்டோர் யாவரும் நீர் போதாமையே காரணம் என்றனர். யாமும் அதனை நம்பிக் காலையும் மாலையும் நீர் வார்த்தோம். ஒரு திங்கள் கழியுமுன் அவற்றுள் ஒன்றன் தண்டுகள் யாவும் குருத்தோடு சாய்ந்தன. அதனைப் பெயர்த்து நோக்கியபோது வேர்கள் கறுத்து, கைபட்ட அளவில் தோலுரிந்து, நாற்றம் வீசின. யாம் வார்த்த நீரே அதனைக் கொன்றது. எஞ்சிய ஒன்றைக் காக்கும்பொருட்டு யாம் கற்றவற்றை ஈண்டு மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைப்போம்.

முதற்கண் பனையினத்தின் இயல்பை அறிதல் வேண்டும். தொல்காப்பிய மரபியல் புறத்தே வயிரமுடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரமுடையவற்றை மரம் என்றும் பாகுபடுத்துகின்றது. அம்முறையால் பனையும் தெங்கும் புல்லினத்தைச் சார்வன. இக்காலத் தாவர நூலும் அவற்றைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரங்கள் என்று வகுக்கின்றது. இவற்றின் ஒவ்வொரு தண்டிற்கும் வளர்முனை ஒன்றே. அது உச்சிக் குருத்தில் உளது. குருத்து அழுகின் அத்தண்டு பிழையாது. கருகிய ஓலைப்பகுதி மீண்டும் பசுமையுறுவதுமில்லை. ஆதலின் மருத்துவத்தின் பயனைப் பழைய ஓலையிற் காணலாகாது. இனி விரியும் ஓலையிலேயே காணல் வேண்டும்.

இனிக் காரணங்களை ஆராய்வோம். கருகல் எவ்விடத்துத் தோன்றிற்று என்பதே முதல் வினா. அடியோலை ஒன்று மட்டும் பழுத்து உலருமாயின் அது மூப்பேயன்றி நோயன்று. பல ஓலைகளின் நுனியும் கருகின், வறட்சியோ மண்ணிற் படிந்த உப்போ காரணமாகலாம். உவர்நீர் வார்க்கப்பெறும் தொட்டியின் புறத்தும் மண்மேலும் வெண்ணிறப் பூப்புக் காணப்படும். முதிர்ந்த ஓலைகளில் மஞ்சட் புள்ளிகள் தோன்றி, நுனியிலிருந்து கருகல் பரவின் அது பொட்டாசியக் குறை. நடுப்பகுதி பசுமையாயிருக்க விளிம்பு மட்டும் மஞ்சட் பட்டையாகின் அது மக்னீசியக் குறை. வெயில் படும் பக்கம் மட்டும் வெளிறிக் கருகின் கடுவெயிலின் செயல் எனலாம். ஓலையின் அடியில் நுண்ணிய நூலாம்படை காணின், வெள்ளைத் தாளின்மீது அதனைத் தட்டிப் பார்க்க. துகள்கள் ஊருமாயின் அவை சிலந்திப்பேன்கள்.

வேரழுகலோ வறட்சியைப் போன்றே தோற்றி நம்மை மயக்குவது. வேர் அழிந்த செடி நீர் நடுவே நின்றும் விடாய்க்கும். ஆகவே, விரலை 2 அங்குலம் மண்ணில் ஆழ்த்திப் பார்த்தல் வேண்டும். மண் உலர்ந்திருப்பின் நீர் வார்க்க. ஈரமாயிருந்தும் ஓலை வாடின், தொட்டியினின்று பெயர்த்து வேரை நோக்குக. நல்ல வேர் வெளிறி உறுதியாயிருக்கும்.

எஞ்சிய பனையின் தொட்டியில் அடித்துளை அடைபட்டிருந்தது. அதனைத் திறந்து, அழுகிய வேர்களைத் தூய கத்தியால் அரிந்து, செம்மண்ணும் மணலும் மக்கிய எருவும் கலந்த புதுமண்ணில் நட்டு நிழலில் வைத்தோம். மேல்மண் உலர்ந்த பின்னரே நீர் வார்த்தோம்.

உப்பு மிக்க தொட்டிக்கு மழைநீரை மிகுதியாக வார்த்து அடித்துளை வழியே வடியவிடுக. சிலந்திப்பேனுக்கு ஓலையின் அடிப்புறத்தை நீரால் நன்கு கழுவுக. சத்துக் குறைக்குப் பொட்டாசியமும் மக்னீசியமும் சேர்ந்த உரத்தைச் சிறிது சிறிதாக இடுக. பொட்டாசியத்தை மட்டும் மிக இடின் மற்றதன் குறை தோன்றக்கூடும். அக்குறையுற்ற பனையில் பாதி பசுமையான ஓலைகளை வெட்டலாகாது. புதிய குருத்து அவற்றிலிருந்தே அச்சத்தைப் பெறுகின்றது.

இரண்டரைத் திங்களுக்குப்பின் நம் பனையில் ஒரு குருத்து நுனிவரை பசுமையாக விரிந்தது. மற்றப் பக்கம் இன்னும் வெறிதாகவே உளது. ஆராயாது செய்யும் அன்பும் தீங்காதல் கூடும் என்பதை அவ்வெற்றிடம் எமக்கு நாடோறும் நினைவூட்டுகின்றது. நண்பர்களும் நீர்க்குடத்தை எடுக்குமுன் விரலால் மண்ணைத் தொட்டறிவார்களாக.