வைக்கோல், உமி, மரத்தூள் ஆகியவற்றிலிருந்து எரிபொருள் பெறுதல்

நெற்செய்கையில் மணி ஒன்றே பயன், ஏனையவை கழிவு என்னும் எண்ணம் நம் கமக்காரரிடையே இன்னும் நிலவிவருகின்றது. அறுவடை முடிந்ததும் வைக்கோலை வயலிலேயே தீயிட்டு நிலத்தைத் துப்புரவாக்கும் வழக்கமும் அதனால் எழுந்ததே. இவ்வழக்கத்தினால் நேரும் நட்டம் எத்துணையது என்பதையும், அதே பொருள்களால் வீட்டு அடுப்பையும் வயலையும் ஒருங்கே பேணும் முறைகளையும் இப்பிரசுரம் எடுத்துக்கூறுகின்றது.

அண்மைக்காலம் தந்த பாடம்

2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டதாயினும், பசளையின்றி வாடிய பயிர்களால் கமக்காரர் அடைந்த துன்பம் யாவரும் அறிந்ததே. அடுத்த ஆண்டில் சமையல் வாயுவும் மண்ணெண்ணெயும் கிடைத்தற்கரியவாயின. நுகேகொடை உட்படக் கொழும்பின் சுற்றுப்புறங்களெங்கும் மக்கள் வெற்றுச் சிலிண்டர்களுடன் வீதியோரங்களில் வரிசையாகக் காத்துநின்றனர். நாட்டில் பசளையும் இல்லை, எரிபொருளும் இல்லை என்றிருந்த அந்நாளில், இரண்டையும் தன்னுள் அடக்கிய வைக்கோல் நம் வயல்களிற் கிடந்தது.

தீயிடுவதால் இழப்பது யாது?

ஒரு மெற்றிக் தொன் வைக்கோலில் 5 முதல் 8 கிலோகிராம் வரை நைதரசனும், 12 முதல் 17 கிலோகிராம் வரை பொற்றாசியமும் உண்டு. ஓர் ஏக்கரில் 1,600 கிலோகிராம் நெல் விளையுமாயின், வைக்கோலும் குறைந்தது அதேயளவு கிடைக்கும். அவ்வைக்கோலில் உள்ள பொற்றாசியம், 50 கிலோகிராம் கொண்ட ஒரு மூடை மியூறியேற்றுப் பொற்றாசில் உள்ளதற்கு ஏறக்குறைய ஒப்பானது. தீயிட்டால் நைதரசன் ஏறக்குறைய முழுவதும் புகையோடு போய்விடும். பொற்றாசியத்தில் ஐந்திலொரு பங்கு வரை இழக்கப்படும். எஞ்சிய சாம்பலும் குவியல் எரிந்த இடங்களில் மாத்திரம் தங்கி, மழைநீரால் அரித்துச் செல்லப்படுவதால், வயல் முழுவதும் அதன் பயனைப் பெறுவதில்லை.

கைக்கொள்ள வேண்டிய விதி

கழிவுகள் யாவும் ஒரு தன்மையன அல்ல. வைக்கோல், சாணம், இலைதழை, மரக்கறிக் கழிவு என்பன எளிதில் உக்கி மண்ணுக்கு உணவாவன. இவற்றை நேரே எரித்தலாகாது. காற்றுப்புகாக் கலத்தில் இட்டு வாயுவைப் பெற்றபின், எஞ்சிய பொருளை வயலுக்கே மீட்டளித்தல் வேண்டும். உமி, மரத்தூள், சுள்ளி என்பன எளிதில் உக்காதவை. இவற்றை அடுப்பில் எரித்துச் சாம்பலை நிலத்தில் இடலாம். சுருங்கக் கூறின், மெல்லியது வாயுக்கலத்துக்கு, வன்மையானது அடுப்புக்கு என்பதே விதி.

வைக்கோலிலிருந்து வாயு

சாணவாயு நமக்குப் புதியதன்று. இந்தியாவில் ஜஷ்பாய் பட்டேல் அவர்கள் அமைத்த மிதக்கும் மூடியுடைய கலத்தைக் கதர் கிராமக் கைத்தொழில் ஆணைக்குழு 1960 களில் கிராமங்களிற் பரப்பிற்று. ஆயின் அம்முறைக்கு நாள்தோறும் சாணம் வேண்டும். ஒரு குடும்பத்தின் சமையலுக்கு மூன்று நான்கு மாடுகளையேனும் தொழுவத்திற் கட்டி வளர்த்தல் அவசியம். மாடுகள் குறைந்து உழவியந்திரம் பெருகிய நம் கிராமங்களில் இது பலருக்கு இயலாததாயிற்று.

இக்குறையை நீக்கும் பொருட்டு, ஜா-எலைக்கு அண்மையிலுள்ள ஏக்கலையில் 1974 இல் நிறுவப்பட்ட தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம், வைக்கோலையே முதன்மைப் பொருளாகக் கொள்ளும் உலர்தொகுதி முறையை உருவாக்கியது. இதில் நாள்தோறும் கரைசல் ஊற்ற வேண்டியதில்லை. அறுவடையின்போது ஒருமுறை நிரப்பினால் பல மாதங்கள் வரை வாயு கிடைக்கும். பெரும்போகம், சிறுபோகம் என இருமுறை வைக்கோல் பெறும் நம் நாட்டுக்கு இது மிகவும் ஏற்றதாகும்.

முறை பின்வருமாறு: வைக்கோலை நன்றாக நனைத்து, சீமெந்துத் தொட்டியினுள் படைபடையாக இடவேண்டும். ஒவ்வொரு படையின்மீதும் புதிய சாணக் கரைசலைத் தெளித்து மிதித்து இறுக்குதல் வேண்டும். சாணத்திலுள்ள நுண்ணுயிர்களே தொழிலைத் தொடக்குவன; அன்றியும் வைக்கோலிற் குறைவாயுள்ள நைதரசனைச் சாணம் ஈடுசெய்யும். பின்னர் வாயு கசியாதவாறு தொட்டியை மூடுக. முதலில் எழும் வாயுவிற் காற்றுக் கலந்திருக்குமாதலால் அதனை எரிக்காது வெளியே விடுக. மெதேன் மிகுந்தபின் வாயு நீலநிறச் சுடருடன் எரியும்.

நன்கு தொழிற்படும் கலத்தில் ஒரு கிலோகிராம் வைக்கோல் ஏறக்குறைய 150 முதல் 200 இலீற்றர் வாயு தரும். ஒரு கன மீற்றர் வாயு, அரைக் கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவான சிலிண்டர் வாயுவுக்குச் சமம். இக்கணக்கின்படி ஒரு தொன் வைக்கோல், 12.5 கிலோகிராம் கொண்ட ஐந்து முதல் ஏழு சிலிண்டர்களின் வேலையைச் செய்யும். வாயு எடுத்தபின்னும் பொற்றாசியம் எரிந்து போவதில்லை. நைதரசனிலும் பெரும்பகுதி கலத்திலுள்ள எருவிலேயே தங்கியிருக்கும். கலத்திலிருந்து வடியும் நீரையும் வீணாக்காது எருவோடு சேர்த்து நிலத்தில் இடுக.

மரக்கறிக் கழிவு

மரக்கறி செய்வோர் கோவாவின் புற இலைகள், பழுதடைந்த காய்கள் முதலியவற்றை வாயுக்கலத்தில் இடலாம். நுகேகொடையின் தெல்கந்தச் சந்தை போன்ற இடங்களிற் சேரும் கழிவும் இவ்வகையதே. ஆனால் இவை விரைவிற் புளிப்பவை. ஒரே நாளில் மிகுதியாக இட்டால் கலம் அமிலத்தன்மை அடைந்து வாயு நின்றுவிடும். ஆதலால் நாள்தோறும் கரைசல் ஊற்றும் சாணக் கலத்தில், சிறுகச் சிறுக, சாணத்தோடு கலந்து இடுதலே முறை. பொலித்தீன், கண்ணாடி, நாசினி தெளித்த இலைகள் என்பவற்றை முன்னரே விலக்குக.

உமியும் மரத்தூளும்

நெல்லின் நிறையில் ஐந்திலொரு பங்கு உமியாகும். மூன்று கிலோகிராம் உமியின் வெப்பம் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் டீசலின் வெப்பத்துக்கு ஈடாகும். நெல் புழுக்கும் ஆலைகள் இதனை நெடுங்காலமாக எரித்துவருகின்றன. முற்றும் எரியாது கரியான உமியை நாற்றுமேடையிற் பரப்பிக் கலந்தால் மண் இளகி, நாற்றுகள் வேர் அறாமற் பிடுங்க வரும்.

நுகேகொடைக்குத் தெற்கே, மரவேலைக்குப் பெயர்பெற்ற மொறட்டுவையில் நாள்தோறும் மரத்தூள் குவிகின்றது. நீர்நிலைகளின் ஓரங்களிற் கொட்டினால் அது நீரைக் கெடுக்கும். அதனையே அடுப்பில் இட்டால் எரிபொருளாகும். மரத்தூள் அடுப்புச் செய்தல் எளிது. அடிப்பக்கத்திலே துவாரமிட்ட ஒரு தகரப் பேணியின் நடுவில் உருண்டைத் தடியொன்றை நிறுத்தி, துவாரத்தின் வழியே மற்றொரு தடியைச் செலுத்தி, இரண்டும் சந்திக்குமாறு வைக்க. காய்ந்த மரத்தூளை அல்லது உமியைச் சுற்றிலும் இட்டு இறுக்கித் தடிகளை மெல்ல உருவுக. கீழ்த் துவாரத்தில் தீ மூட்டினால் அடிக்கடி கிளறாமலே பல மணிநேரம் எரியும். ஈரமான தூள் புகையைத் தரும். ஆகையால் வெயிலிற் காயவிட்டபின்னரே பயன்படுத்துக.

சீமைக்கிளுவை

மேற்கூறிய விதிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு சீமைக்கிளுவை. 2005 இல் அரசாங்கம் இதனைத் தேயிலை, றப்பர், தென்னை என்பவற்றையடுத்து நான்காவது பெருந்தோட்டப் பயிராகப் பிரகடனஞ்செய்தது. இதன் இலை நைதரசன் மிகுந்த பசுந்தழைப் பசளை. கிளையோ நல்ல விறகு. வேலியோரத்தில் தடிகளை நாட்டி முறையாகக் கத்தரித்து வந்தால், காட்டு மரத்தை வெட்டாமலே இலை வயலுக்கும் கிளை அடுப்புக்கும் கிடைக்கும்.

எச்சரிக்கை

வாயு கசியும் இடத்தில் தீக்குச்சி கொளுத்தலாகாது. கசிவை அறியச் சவர்க்கார நீரைக் குழாயின் மூட்டுகளிற் பூசிக் குமிழி எழுகின்றதா எனப் பார்க்க. வெறுமையாக்கிய கலத்தினுள்ளும் ஒருவரும் தனியே இறங்கலாகாது. ஐதரசன் சல்பைட்டும் காபனீரொட்சைட்டும் உள்ளே தங்கி உயிரைக் கொல்லும். மூடியைத் திறந்து நன்கு காற்றோட்டம் பெறவிட்டு, வெளியே நின்றே எருவை வாருதல் உத்தமம். உமியும் மரத்தூளும் எரியும் அடுப்பைப் புகைபோக்கியுள்ள இடத்தில் வைத்தல் வேண்டும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. வைக்கோலுக்கு வயலில் தீயிடாதீர்கள்.
2. வைக்கோல் முழுவதையும் வாயுக்கலத்தில் இட இயலாதாயின், எஞ்சியதை வயலிற் பரப்பி உழுதுவிடுங்கள்.
3. கலத்தில் எஞ்சும் எருவையும் அடுப்புச் சாம்பலையும் விளைந்த நிலத்துக்கே திருப்பிக் கொடுங்கள்.
4. தனியே கலம் அமைக்க வசதியற்றோர், அயலவர் இருவர் மூவருடன் கூடி அமைக்கலாம்.
5. அமைக்குமுன் உங்கள் கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனையைப் பெறுங்கள்.

பசளைக்கும் எரிபொருளுக்கும் கப்பலை எதிர்பார்த்திருக்கும் கமக்காரன், கப்பல் வராத நாளில் இரண்டையும் இழக்கின்றான். தன் வயலின் வைக்கோலைப் பேணுபவனுக்கோ, அந்நாளிலும் அடுப்பு எரியும். அடுத்த போகத்துக்கு எருவும் இருக்கும்.